துக்கம் கேட்க வந்தவர்கள்

டென்மார்க்கிலிருந்து ஒரு பெண் வந்து பத்து மாதம் எங்கள் வீட்டில் தங்கப்போகிறாள் என்று சொன்னதும் என் வீட்டுக்காரர் கேட்ட ஒரே கேள்வி, "காரம் தின்னுமா அந்தப் புள்ள?" என்பதுதான். அதற்குமேல் அவருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எலக்ட்ரிகல் சாமான் கடை வைத்திருப்பவர். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது சாப்பிட உட்காரும்போது தெரிந்தால் போதும் அவருக்கு.

நான் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் டீச்சர். வெளிநாட்டுப் பிள்ளைகள் இங்கே ஒரு வருஷம் வந்து படிப்பது, நம் பிள்ளைகள் அங்கே போய்ப் படிப்பது என்று ஒரு திட்டத்தில் எங்கள் பள்ளி சேர்ந்திருந்தது. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு அந்த ஆசை பிடித்துக்கொண்டது. "முதல்ல ஒரு பிள்ளைய நாம வச்சுப் பார்ப்போம். அப்புறம் உன்னை அனுப்புறதைப் பத்திப் பேசலாம்" என்றேன். அப்படித்தான் அவள் வந்தாள்.

சந்தேகமெல்லாம் மதினிக்குத்தான். மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. அடுத்த வீடு. இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவே சுவர் கிடையாது. அவருடைய கணவர் நோயில் கிடந்து மவுத்தாகிச் சில வருஷம் ஆகிறது. மகன்கள் இருவரும் துபாயில். எங்கள் வீட்டில் பாதி சமையல் அவர் கையால்தான் நடக்கும்.

"அடுத்தவுக வீட்டுப் பொம்பளப் புள்ள. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் மதினி."

"நீ ஸ்பெஷல் கிளாசுன்னு பள்ளிக்கூடத்துலயே நின்னுருவ. நாந்தானே பாக்கணும்" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லும் விதம் அது.

ஆடிக் காற்று தூசியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு நாளில் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். பதினேழு வயது. எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது, அவ்வளவு உயரம். கைகூப்பி வணக்கம் என்றாள். அடுத்து என் பெயரைச் சொல்லி, "உங்களைப் பார்த்ததில் சந்தோஷம்" என்றாள், இங்கிலீஷில். வெறும் பெயர். டீச்சர், மிஸ், ஆன்ட்டி எதுவும் கிடையாது. மதினிக்கு முகம் மாறிவிட்டது.

அவர்கள் ஊரில் ஆசிரியர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். உண்மையைச் சொன்னால் எனக்கு அது கொஞ்சம் பிடித்துக்கூட இருந்தது. என் பெயரை யாராவது வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தேன். வீட்டுக்காரருக்கு நான் "ஏம்மா". பிள்ளைகளுக்கு மிஸ். என்றாலும் தெருவில் நாலு பேர் காது இருக்கிறது. "இங்க மூத்தவங்களை முறை வச்சுக் கூப்பிடணும்" என்று என் மகள் சொல்லிக்கொடுத்தாள். அம்மா என்று கூப்பிடட்டுமே என்றேன். "எனக்கு அம்மா இருக்கிறாரே" என்றாள், கொஞ்சமும் தயங்காமல். எங்கள் முஸ்லிம் வீடுகளில் அம்மாவின் தங்கையைச் சாச்சி என்போம். அது அவளுக்குச் சரியாகப் பட்டது. நான் சாச்சி, என் வீட்டுக்காரர் சாச்சா, மதினி என் மகளுக்கு எப்படியோ அப்படியே அவளுக்கும் மாமி.

முதல் சிக்கல் கதவினால் வந்தது. எங்கள் வீட்டில் பகலில் அறைக்கதவைச் சாத்தும் பழக்கம் இல்லை. சாத்தியிருந்தால் உள்ளே ஒருவருக்கு உடம்பு முடியவில்லை, அல்லது ஒருவருக்கு இன்னொருவர்மேல் கோபம். அவளோ பள்ளியிலிருந்து வருவாள், டீ குடிப்பாள், சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள், பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

"என்ன சொன்ன அந்தப் புள்ளைய?" என்று மதினி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமே சொல்லலையே."

"பின்ன எதுக்குக் கதவச் சாத்துது?"

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் அவரே கதவைத் தட்டி வாழைக்காய் பஜ்ஜியை நீட்டினார். அவள் மலர்ந்த முகத்தோடு திறந்தாள், தட்டை வாங்கிக்கொண்டாள், "நன்றி மாமி" என்றாள், மறுபடி சாத்திக்கொண்டாள். மதினி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்.

நானே அவளிடம் கேட்டேன். "கோபமா? இல்லையே. நாள் முழுக்க எல்லோரோடும் இருந்தது சந்தோஷமாக இருந்தது. அதனால் இப்போது கொஞ்சம் தனியாக இருக்க வேண்டும்" என்றாள். அந்த 'அதனால்' எனக்கு விளங்கவில்லை. ஆனால் மதினியிடம் "கோபம் இல்லையாம்" என்று மட்டும் சொல்லிவிட்டேன்.

உண்மை பேசுவதில் அவளுக்கு முன்பின் யோசனை கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை மதினி பிரியாணி செய்திருந்தார். நாங்கள் எல்லோரும் வழக்கம்போல ஆகா ஓகோ என்றோம். "எப்படிம்மா இருக்கு?" என்று அவளையும் கேட்டார். "நல்லா இருக்கு மாமி. எண்ணெய் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள். அப்போதே அந்த அளவுக்குத் தமிழ் வந்திருந்தது அவளுக்கு. என் மகளின் கை பாதி வழியில் நின்றுவிட்டது.  அடுத்த வெள்ளிக்கிழமை மதினி முதல் தட்டை அவள் முன்னால்தான் வைத்தார். "இப்பச் சொல்லு."

"இப்ப ரொம்ப நல்லா இருக்கு."

அதற்குப் பிறகு எங்கள் பாராட்டுக்கெல்லாம் மதிப்பில்லாமல் போயிற்று. "நீங்கள்லாம் என் மனசு நோகக் கூடாதுன்னு பேசுறீக. இந்தப் புள்ள ஒண்ணுதான் பிரியாணியப் பத்திப் பேசுது" என்றார் மதினி.

எதிர்வீட்டு ஆச்சி வேறு விதமாக அவளைக் குழப்பினார். ஆச்சி செட்டியார் வீட்டம்மா. காலையில் கோலம் போட்டு முடித்து வாசலில் நிற்கும்போது இந்தப் பிள்ளைகள் இரண்டும் யூனிபார்மோடு, பையோடு இறங்குவார்கள். "எங்க போறீக?" என்பார் தினமும். "பார்த்தாலே தெரிகிறதே, ஏன் கேட்கிறார்?" என்று அவள் என்னிடம் கேட்டாள். அது குட் மார்னிங் மாதிரி என்று என் மகள் விளக்கினாள். அவளுக்கு அது போதவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? நின்று சொல்வாள். "பள்ளிக்கூடம் போறோம் ஆச்சி. இன்னைக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட். மத்தியானம் விளையாட்டு." சீக்கிரமே எங்கள் பள்ளியின் டைம்டேபிள் முழுக்க ஆச்சிக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. சாயங்காலம் திரும்பும்போது, "டெஸ்டு என்னாச்சு?" என்பார்.

எல்லாமே இப்படிச் சிரித்துக்கொண்டு முடிந்ததாகச் சொல்ல முடியாது. இளையான்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். உறவுக்காரப் பெண்மணி ஒருவர் அவள் கன்னத்தைப் பிடித்து, "வந்தப்ப குச்சி மாதிரி இருந்துச்சு, இப்ப நல்லா குண்டாயிருச்சே!" என்று சந்தோஷப்பட்டார். என் மகளும் அதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டாள். திரும்பும் வழி முழுக்க அவள் பேசவில்லை. எங்களிடத்தில் அது பாராட்டு, சோறு போடும் வீட்டையும் சேர்த்துச் சொல்லும் பாராட்டு என்றேன். "புரிகிறது. ஆனால் எங்கள் ஊரில் அப்படிச் சொன்னவரை யாரும் மறுபடி வீட்டுக்குக் கூப்பிடமாட்டார்கள்" என்றாள். புரிகிறது என்று சொன்னாலும் அதன்பிறகு கொஞ்ச நாள் இரவில் ஒரு தோசையோடு எழுந்துகொண்டாள். எனக்கு அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அவள் மேசைமேல் ஒரு போட்டோ வைத்திருந்தாள். அம்மா, அப்பா, நடுவில் அவள், அவள் மடியில் தலை வைத்துக்கொண்டு பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய நாய். அவளுக்கு மூன்று வயதானபோது குட்டியாக வீட்டுக்கு வந்ததாம். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாத பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மா அப்பாவோடு பேசி முடித்ததும் அவர்கள் போனை நாயின் முன்னால் வைப்பார்கள். அவள் டேனிஷில் என்னவோ கொஞ்சுவாள். அது காதைத் தூக்கிக்கொண்டு போனுக்குப் பின்னால் போய்த் தேடும்.

"படுக்கையிலயா படுத்திருக்கு?" என்று ஒருமுறை எட்டிப் பார்த்த மதினி திடுக்கிட்டார். எங்கள் வீடுகளில் நாயை உள்ளே விடுவதில்லை. அதன் எச்சில் பட்டால் துணிமணியைக் கழுவித்தான் தொழ முடியும். அதற்காக மதினிக்கு நாய் பிடிக்காது என்று இல்லை. தெருநாய்க்கு வாசலில் தண்ணீர் வைப்பார், மிஞ்சிய சோற்றை வைப்பார். அது நன்மை என்பார். உள்ளே வரக் கூடாது, அவ்வளவுதான்.

பொங்கல் லீவு முடிந்த வாரம் அது. ஞாயிறு மத்தியானம் போன் பேசிவிட்டு அவள் ஹாலுக்கு வந்து உட்கார்ந்தாள். மதினியும் நானும் சாப்பாட்டு மேசையில் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். நாயால் எழுந்து நிற்கவே முடியவில்லையாம். இடுப்பு எலும்பில் புற்றுநோய். செவ்வாய்க்கிழமை டாக்டர் வீட்டுக்கே வந்து ஊசி போடுவார் என்றாள்.

"ஊசி போட்டா சரியாயிருமா?" என்று கேட்டார் மதினி.

அவள் தலையாட்டினாள். "இல்ல மாமி. தூங்கிரும். அப்புறம் எந்திரிக்காது."

மதினியின் விரல்கள் பட்டாணியிலேயே நின்றன. "உசிர எடுக்கிறதுக்கு நாள் குறிச்சா வச்சிருக்காக?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மாமி என்ன சொல்கிறார்?" என்று அவள் இங்கிலீஷில் கேட்டாள்.

"வருத்தப்படுகிறார்" என்றேன்.

"இல்லை. கோபப்படுகிறார். அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்."

சொன்னேன்.  "அதற்கு வலிக்கிறது. நாங்கள் அழுவோம் என்பதற்காக அதைப் பிடித்து வைத்திருந்தால் அது எங்களுக்காக. அதற்காக இல்லை" என்றாள். நான் மதினியிடம் சொன்னேன். மதினி பட்டாணித் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கமாகத் தன் வீட்டுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை எங்கள் பக்கமே வரவில்லை.

செவ்வாயன்று பள்ளிவிட்டு மூவரும் ஒன்றாகத்தான் வந்தோம். நான் ஸ்பெஷல் கிளாஸை இன்னொரு டீச்சரிடம் தள்ளிவிட்டிருந்தேன். நமக்குச் சாயங்காலம் என்றால் அவர்களுக்கு முற்பகல். "நான் போனில் அதன் கூட இருக்கப்போகிறேன். தனியாக இருக்க வேண்டும் சாச்சி" என்றாள். சரி என்றேன். கதவு சாத்தப்பட்டது.

முதலில் மெல்லிய பேச்சுதான் கேட்டது. தாலாட்டுப் பாடுவது போல ஒரே மாதிரியான சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு சத்தமே இல்லை. பிறகு ஒரு அழுகை வந்தது பாருங்கள், அந்தப் பிள்ளையின் உடம்புக்குள் இப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. விம்மி, அடக்கி, மூக்கை உறிஞ்சுகிற அழுகை இல்லை. வயிற்றிலிருந்து வந்தது. தெருவுக்கே கேட்டிருக்கும்.

நான் கதவுக்கு முன்னால் நின்றேன். ஒரு பிள்ளை இப்படி அழும்போது தனியாக விடுவது எங்கள் பழக்கத்தில் கிடையாது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்வோம், முதுகைத் தடவுவோம், தண்ணீர் கொடுப்போம், கூடவே அழுவோம். அவள் வாய்விட்டுக் கேட்டதோ ஒன்றே ஒன்று. தனியாக விடுங்கள். என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள போம்மா" என்றாள். போகவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வாசலில் செருப்புச் சத்தம். எதிர்வீட்டு ஆச்சி மூச்சு வாங்க உள்ளே வந்தார். "யாருக்கு என்னாச்சு? அந்தப் புள்ள அழுகுறாப்புல இருக்கே. ஊர்ல அப்பாவுக்கு எதுவுமா?" அவருக்குப் பின்னாலேயே எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் பாதிப் பின்னலோடு இறங்கி வந்தாள். சிராவயல் பக்கத்துக்காரி. அப்புறம் மூலைவீட்டம்மா, அவருடைய மருமகள், இன்னும் இரண்டு பேர். ஆச்சியின் கையில் காபி பிளாஸ்க் இருந்தது. துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் எடுத்து வந்திருக்கிறார், வருகிற அவசரத்திலும்.

"அப்பாவெல்லாம் நல்லா இருக்காக ஆச்சி" என்றேன். சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. "அவ வளர்த்த நாய். இப்பத்தான் செத்துப்போச்சு."

 மூலைவீட்டு மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாவம், முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மூலைவீட்டம்மா, "நாய்க்கா இம்புட்டு அழுகை? நான் என்னமோ ஏதோன்னு போட்டது போட்டபடி ஓடியாந்தேன்" என்று கிளம்பப் பார்த்தார்.

கொல்லை வாசலிலிருந்து மதினியின் குரல் வந்தது. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. சாயங்கால அஸர் தொழுதுவிட்டு வந்திருப்பார் போல, தலையில் தொழுகைத் துணி அப்படியே இருந்தது. "புள்ள அழுகுது. யாருக்காக அழுகுதுன்னு தரம் பாத்தா உக்காரணும்? உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தார்கள். மூலைவீட்டம்மாவும் உட்கார்ந்தார். மதினி என் பக்கத்தில் தரையில் அமர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். உள்ளே அழுகை ஏறி, இறங்கி, ஏறிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மாடிக்காரி வாயைத் திறந்தாள். "எங்க வீட்டுல மஞ்சுவிரட்டு மாடு ஒண்ணு இருந்துச்சுக்கா. அது செத்தப்ப எங்க அப்பா பச்சத்தண்ணி பல்லுல படல. ஊரே மாலை வாங்கிட்டு வந்துச்சு. கொட்டு வச்சு எடுத்துக் கொண்டுபோயி அடக்கம் பண்ணுனோம். அன்னைக்கு எங்க அப்பா அழுத மாதிரி நான் எப்பவும் பார்த்ததில்ல. எங்க அப்பத்தா செத்ததுக்குக்கூட அப்படி அழுகல."

"ஆமா, மாட்டுக்கு எடுப்பாக" என்றார் ஆச்சி. "அது தெய்வம் மாதிரி."

"தெய்வமுன்னு இல்ல ஆச்சி. வீட்டுல வளர்ந்துச்சு."

 மூலைவீட்டு மருமகள் இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தபோது அவள் முகம் வீங்கிச் சிவந்திருந்தது. ஹாலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். இத்தனை பெண்கள் தரையில் உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் திகைப்பாக இருக்காது?

"ஏன் எல்லோரும் வந்திருக்கிறார்கள்?" என்று என்னிடம் கேட்டாள்.

"உன் துக்கத்துக்கு."

"ஆனால் இவர்கள் யாருக்கும் அதைத் தெரியாதே."

"உன்னைத் தெரியும் இல்லையா?"

அவள் கை கதவுப்பிடியிலேயே இருந்தது. திரும்ப உள்ளே போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். மதினி தன் பக்கத்துத் தரையைக் கையால் தட்டினார். "வா ராசாத்தி. இங்குட்டு வந்து உக்காரு." அந்த நீளமான கால்களை மடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மதினி அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். மறுபடி அழுதாள், இந்தமுறை சத்தமில்லாமல். ஆச்சி காபியை ஆற்றிக் கொடுத்தார். "குடி. அழுகுறதுக்கும் தெம்பு வேணும்ல."

பிறகு, "எப்படி இருக்கும் அது? காட்டு பாப்போம்" என்று ஆச்சிதான் கேட்டார். அவள் போனில் படங்களைத் திறந்தாள். பனியில் புரளும் நாய். பிறந்தநாள் தொப்பி போட்ட நாய். குட்டியாக இருந்தபோது அவளுடைய ஷூவைக் கடித்துக்கொண்டு நிற்கும் நாய். போன் கை மாறிக்கொண்டே போயிற்று. "ஐயே, எம்புட்டு முடி!" "கண்ணப் பாரு, மனுசன் மாதிரி பாக்குது." ஷூ படத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கண்ணில் நீரோடு.

அந்த நேரம் பார்த்து அவள் அம்மா வீடியோவில் கூப்பிட்டார். மகள் தனியாக அழுதுகொண்டிருப்பாள் என்ற பதற்றத்தில் கூப்பிட்டிருக்கிறார். அழுது சிவந்த முகம் அவருக்கும். திரையில் தெரிந்ததோ தலைகள், தலைகள். என் மகள் போனை வாங்கி எல்லோரையும் காட்டினாள். "இவங்கல்லாம் எங்க தெரு. துக்கம் கேட்க வந்திருக்காங்க" என்று இங்கிலீஷில் விளக்கினாள். அந்த அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ஆச்சி போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய் உரக்க, "மனசத் தேத்திக்கங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க. புள்ளைய நாங்க பாத்துக்கிறோம்" என்றார். மொழிபெயர்க்கச் சொல்லி அவர் கேட்கவில்லை, அந்த அம்மாவும் கேட்கவில்லை. தலையை ஆட்டி ஆட்டி அழுதார்.

மதினிக்கும் அவளுக்கும் நடுவே இருந்த விஷயம் அத்தோடு தீர்ந்துவிடவில்லை. அன்பாக இருந்தார்கள். ஆனால் அந்த ஊசியைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

அடுத்த மாதம் நோன்பு வந்தது. அவளும் சில நாள் எங்களோடு நோன்பு வைத்தாள், யாரும் கேட்காமலே. ஒரு மாலை நோன்பு திறக்கும் நேரத்துக்காகக் காத்திருந்தோம். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. மதினி வடைக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார், அவள் புதினா ஆய்ந்துகொண்டிருந்தாள், நான் பேரீச்சம்பழத்தைத் தட்டுகளில் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

"மாமி, என் மேல இன்னும் கோபமா? நாய்க்கு ஊசி போட்டதுக்கு?"

இப்படி நேருக்கு நேர் கேட்பதற்கு எங்களில் யாருக்கும் வராது. நானாக இருந்தால் வருஷக்கணக்கில் மனதிலேயே வைத்திருந்திருப்பேன். மதினி கத்தியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து, "நான் சொல்றத அதுக்குச் சரியாச் சொல்லு" என்றார்.

"உசிரு குடுத்தவன்தான் எடுக்கணும். அது எனக்கு மாறாது. ஆனா, எங்க வீட்டுக்காரரு கடைசியில மாசக்கணக்கா ஆஸ்பத்திரியில கெடந்தாரு. மூக்குல ட்யூபு, தொண்டையில ட்யூபு. பேச முடியாது. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவாரு. எதுக்குக் கும்பிடுறாருன்னு எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி போர்வையச் சரி பண்ணுவேன். ஒருநாள் தொழுதுட்டு, யா அல்லாஹ், போதும், இவரை எடுத்துக்கன்னு நானே துஆ கேட்டேன். கேட்டுட்டு எனக்கே நடுக்கமாப் போச்சு. யார்கிட்டயும் இதச் சொன்னதில்ல. என் தம்பி, மகன்கள், யார்கிட்டயும்."

 இத்தனை வருஷம் சுவரில்லாத கொல்லைக்கு அந்தப் பக்கத்தில் அவர் இருந்திருக்கிறார். எனக்கும் தெரியாது. தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன்.

அவள் நல்ல வார்த்தை தேடி யோசித்தாள். எனக்குத் தெரிந்து எங்களில் யாராக இருந்தாலும் 'அதெல்லாம் ஒண்ணும் தப்பில்ல மதினி' என்று அவசரமாக ஆறுதல் சொல்லியிருப்போம். அவள் அப்படிச் சொல்லவில்லை. "ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும் மாமி" என்றாள் தமிழில். பிறகு, "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டாள்.

மதினி சொல்ல ஆரம்பித்தார். எந்த ஆஸ்பத்திரி, பக்கத்துப் படுக்கையில் யார், அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசிய நாளில் மாம்பழம் கேட்டது, அது சீசன் இல்லாமல் போனது. அவள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு இருவரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். ஊசியைப் பற்றி யாரும் யார் மனதையும் மாற்றவில்லை. கஞ்சி ஆறிப்போய், நான் மறுபடி சூடு பண்ணினேன்.

மே மாதக் கடைசியில் அவளைத் திருச்சியில் விமானம் ஏற்றிவிடக் காரில் போனோம். மதினி வரவில்லை; வழியனுப்புவது தன்னால் முடியாது என்று முந்தைய நாளே சொல்லிவிட்டார். புதுக்கோட்டை தாண்டியதும் அவள் என்னிடம், "சாச்சி, அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி ஒன்று சொல்லவா?" என்றாள்.

"சொல்லு."

"கதவைத் திறந்து எல்லோரையும் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. ஓடிவிட வேண்டும் போல இருந்தது. உங்கள் மேலும் கோபம் வந்தது. தனியாக விடுகிறேன் என்று சொன்னீர்களே என்று."

"நான் யாரையும் கூப்பிடல."

"தெரியும். மாமி தோளில் சாய்ந்த பிறகு பிடித்திருந்தது. ஆனால் அந்த முதல் ஐந்து நிமிஷம் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. அதை உங்களிடம் சொல்லாமல் போனால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்."

பத்து மாதத்துக்கு முன்னால் என்றால் எனக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். இப்போது, எண்ணெய் ஜாஸ்தி என்று அவள் சொன்னதைப் போல அதையும் கேட்டுக்கொண்டேன். "எனக்கும் உன்னைத் தனியா விட்டது பிடிக்கவே இல்லை. உள்ள வரத்தான் துடிச்சேன்" என்றேன்.

"வராமல் இருந்ததற்கு நன்றி" என்றாள்.

என் மகள் அடுத்த வருஷம் அங்கே போகிறாள். அவளுக்கு என்ன சொல்லி அனுப்பலாம் என்று கேட்டேன். "எங்கள் தெருவில் அவளை யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டார்கள். முதலில் கஷ்டமாக இருக்கும். நான் கேட்கிறேன் என்று சொல்லுங்கள்" என்றாள். சொல்லிவிட்டு, என் மகள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். என் மகள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள்.

விமான நிலையத்தில் டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை. வாசலிலேயே நின்றோம். என் வீட்டுக்காரர் அவளோடு அதிகம் பேசியவர் இல்லை. அவளுக்கு அவர் இங்கிலீஷ் புரியாது, அவருக்கு அவள் தமிழ் சிரிப்பை வரவழைக்கும். பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிவைத்துவிட்டு, கைப்பிடியை ஒருமுறை ஆட்டிப் பார்த்து, "ஊரு போயிச் சேர்ந்ததும் போன் போடும்மா" என்றார்.

"சரி சாச்சா" என்றாள்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தார், வழக்கமில்லாத வழக்கமாக. நாங்கள் எடுப்பதற்குள் மதினி எடுத்துவிட்டார்.